சம்பந்தமும் சம்பளமும்

(நெல்லிக்குப்பத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலியாணம் வீட்டு விஷயம், அதை மேடையில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சொத்து எந்த வீட்டில் சேருகிறது, வறுமை எந்த வீட்டில் தங்குகிறது என்பதைக் கலியாணமும் தீர்மானிக்கிறது. ஆகையால்தான் பேசுகிறோம்.

முன்பெல்லாம் அண்ணன் மகனுக்குத் தங்கை மகளைக் கட்டுவார்கள். அண்ணனுக்குக் காணி இருக்கும். தங்கை கரும்பு வெட்டப் போவாள். ஆனாலும் "என் மகள் உரிமைப் பெண்" என்று அவள் அண்ணன் வாசலில் நின்று கேட்கலாம். அந்த முறை பெண்ணின் விருப்பத்தைக் கேட்டதில்லை. ஜாதிச் சுவரையும் காத்து நின்றது. அது தேய்வதற்காக நாம் அழவில்லை. ஆனால் அந்த இடத்தில் வந்திருப்பது என்ன?

"பையன் என்ன படிப்பு? நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா?" இதுதான் இன்றையக் கேள்வி. நெய்வேலிச் சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அருகருகே வேலை செய்கிறார்கள். கலியாணச் சந்தையிலோ இருவருக்கும் வேறு வேறு விலை! வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். பேரம் நின்றதா? டாக்டர் டாக்டரைத் தேடுகிறார். இஞ்சினீயர் இஞ்சினீயரைத் தேடுகிறார். ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் சேருகிறது. மறு வீட்டில் இரண்டு கூலி சேருகிறது. நாளை இந்த இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு என்றால் யார் நம்புவார்கள்?

சரி, படிப்பைப் பார்ப்பதால் ஜாதியாவது ஒழிந்ததா? நம் கடலூர் மாவட்டமே பதில் சொல்லும். முருகேசன் தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண், அவரும் படித்தவர். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்தார்கள். ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2021இல். உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது 2025இல். பட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை. பழைய ஜாதிச் சுவர் அப்படியே நிற்க, அதற்குள்ளேயே சம்பளச் சுவர் ஒன்றும் எழுந்திருக்கிறது.

சர்க்காரின் கலப்பு மண உதவியைப் பாருங்கள். பட்டம், டிப்ளமோ இருந்தால் 50,000 ரூபாய். இல்லாவிட்டால் 25,000 ரூபாய். துணிவு ஒன்றுதான், கூலிக்காரரின் துணிவுக்குப் பாதி விலையா?

தோழர்களே! சம வேலைக்குச் சம ஊதியம் கேட்பதும், பெண் குழந்தையின் படிப்புக்காகப் போராடுவதும், விரும்பி மணப்பவருக்குக் காவல் நிற்பதும் ஒரே போராட்டம். ஆலை வாசலில் தோளோடு தோள் நிற்கிறோம். சம்பந்தம் என்றதும் தனித்தனித் தெருவுக்குப் போய்விடுகிறோம். முதலில் நம் வீட்டு வாசலைத் திறப்போம்!