அமுதசுரபியும் அடுக்களைக் கருவியும்



மணிமேகலைக் காப்பியத்து அமுதசுரபியைத் தமிழ் இலக்கியம் கண்ட தலைசிறந்த வீட்டுக்கருவி என்றால் புலவர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆயினும் அதனை அப்படிப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. அடுப்பு வேண்டா, விறகு வேண்டா. எடுக்க எடுக்கக் குறையாத சோறு. அத்தகைய பாத்திரத்தை ஆபுத்திரன் கோமுகிப் பொய்கையில் விட நேர்ந்தது ஏன்? பாத்திரம் பழுதுபட்டதா? இல்லை. பாண்டிநாட்டில் மழை பொழிந்து வளம் பெருகவே, உண்ண வருவார் இல்லாது போயினர். பசித்தோரைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறியவன், இடைவழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். ஆளில்லாத் தீவில் அமுதசுரபி எதற்கு? கருவியின் ஆற்றல் அணுவளவும் குன்றவில்லை. அதனை வேண்டிநிற்கும் வயிறுதான் அங்கு இல்லை.

புதுக்கருவிகளின்மீது தீராக் காதல் கொண்டவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஊரில் முதல் டேப்ரிக்கார்டர் அவர் வீட்டில்தான் பாடியது. வீடியோ வந்தபோது வீடியோ, கணிப்பொறி வந்தபோது கணிப்பொறி, கைப்பேசி வந்தபின் ஆண்டுக்கொரு கைப்பேசி. விளக்கச் சிற்றேட்டை அவர் வேதம்போல் ஓதுவார். 'இது என்னவெல்லாம் செய்யும்?' என்பது அவர் கேள்வி. இல்லத்தரசி கேட்பதோ வேறு: 'இதனால் எந்த வேலை குறையும்? பழுதானால் யார் பார்ப்பார்? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போக மீதி இருக்கிறதா?' இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் கையில் பணப்பை இருந்ததில்லை என்பதே பல இல்லங்களின் வரலாறு.

இட்டலிக்கு மாவாட்டும் வேலையை எண்ணிப் பாருங்கள். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லின் முன் குந்தி, ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறுகையால் மாவைத் தள்ளிவிட வேண்டும். பெரிய குடும்பமாயின் மாலைப்பொழுதே அதில் கழியும். தோள்பட்டை இரவெல்லாம் வலிக்கும். இதற்கு விடையாக, கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் மின்சார மாவரைக்கும் கருவியை உருவாக்கினார். இன்று கிரைண்டர் என்று சொல்லாத வீடில்லை. அதன் நுட்பம் எளியது, அழகானது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுழலும். கிரைண்டரில் குழவியை நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழலவிட்டார்கள். மிக்ஸியின் கத்தி நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று மாவைச் சூடேற்றிவிடும். கல்லோ நிதானமாகச் சுழன்று அரைப்பதால் உளுந்து சூடேறாமல் பொங்கி வரும். பழைய கல்லின் குணத்தைக் கைவிடாமல் கையின் உழைப்பை மட்டும் நீக்கியதே அக்கருவியின் பெருமை. கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது.

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975-இல். கிரைண்டர் பிறந்து இருபதாண்டுகளுக்குப் பின். இருந்தும், பின்னால் பிறந்த பெட்டி பல வீடுகளுக்குள் முன்னால் நுழைந்தது. பெட்டி கூடத்தில் இருந்தது. விருந்தினர் கண்ணில் பட்டது. கிரைண்டர் இருக்கவேண்டிய இடமோ பின்கட்டு. தோள்வலி விருந்தினர் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா! அரசின் திட்டங்களிலும் இதே வரிசையைக் காணலாம். தமிழகத்தில் 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் 2011-இல்தான் வந்தது. தொலைக்காட்சி ஏழை வீட்டிற்கு வேண்டாததென்று சொல்வதற்கில்லை. உலகச் செய்தியும் பாட்டும் அவர்களுக்கும் உரியவை. வரிசையைத்தான் சுட்டவேண்டியிருக்கிறது.

கருவிக் காதலரை எள்ளி நகையாடுவதும் முறையன்று. விலை மிகுந்திருக்கும் காலத்தில் துணிந்து வாங்குவோர் இல்லையேல், விலை குறையும் காலமே வாராது. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்திய பிரகாஷ் மாத்தூரின் வீட்டிலும் முதலில் இருந்தது வெளிநாட்டு மின்கலக்கிதான். இந்தியச் சமையலின் பருப்பையும் மசாலையையும் தாங்காது அது பழுதாயிற்று. அவருடைய மனைவி மாதுரியின் தேவையே தூண்டுகோலாக, வலிய மோட்டாருடன் 1963-இல் பிறந்தது சுமீத் மிக்ஸி. பொறியியல் கணவருடையது, எதை அரைக்கவேண்டும் என்ற அறிவு மனைவியுடையது. ஒரே வீட்டில் அவ்விரண்டு கேள்விகளும் சந்தித்த அரிய தருணம் அது. வேறு பல வீடுகளில் கணவர் கருவியோடு வந்திறங்கிய பிறகே மனைவிக்குச் செய்தி தெரியும்.

இன்று தெருமுனைக் கடையிலேயே அரைத்த மாவு பொட்டலமாகக் கிடைக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்க்கும் நேரமும் சுமையாகிவிட்டது. கொல்லைப்புறத்தில் ஆட்டுக்கல் கிடந்த மூலைக்கு அருகே இப்போது அதுவும் துணி போர்த்தி நிற்கிறது. கருவிக் காதலர் கண்ணில் கைப்பேசியால் இயக்கும் குளிர்பதனப் பெட்டி பட்டிருக்கிறது. அடுக்களையிலிருந்து வரும் கேள்வியோ, மாதாந்திர மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்பது.