பேரப்பிள்ளையைப் பார்க்க வழி உண்டா?



பெருமாட்டியில் இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டான். அவனுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. நிலம் பிரித்ததில் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல். "இனிக் குழந்தையைப் பார்க்க வராதீர்கள்" என்று மகனும் மருமகளும் சொல்லிவிட்டார்கள். "தூக்கி வளர்த்த பேத்தி. பார்க்க உரிமை இல்லையா?" என்று பாட்டி கேட்கிறாள்.

நியாயமான கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது?

பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமையைத் தாத்தா பாட்டிக்கென்று தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தாயும் தந்தையும் சேர்ந்து வாழும்போது, குழந்தை பற்றி முடிவு செய்வது அவர்களே. 2015-ல் மத்தியச் சட்ட ஆணையம் ஒரு அறிக்கை தந்தது. குழந்தை தாத்தா பாட்டியோடு இருக்கும் நேரம் பற்றியும் அதில் யோசனை இருந்தது. ஆனால் அது சட்டமாகவில்லை.

ஆனாலும் கதவு முழுதும் அடைபடவில்லை. பாதுகாவலர் சட்டம் 1890-ல் வந்தது. குழந்தையின் நலனைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். 1984-ன் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கும் மனுவையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம்.

ஒரு உண்மை வழக்கு. 2021-ல் குஜராத்தில் ஒரு சிறுவனின் தாயும் தந்தையும் கொரோனாவில் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அவனைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் அவனைக் கொடுத்தது. வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்து அவர்களை ஒதுக்கக் கூடாது என்றது. அங்கே பெற்றோர் இல்லை. பெற்றோர் இருக்கும் வீட்டில் வழக்கு இதைவிடக் கடினம்.

வெளிநாட்டிலும் இதே சிக்கல்தான். 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தகுதியுள்ள தாயின் முடிவுக்கு மதிப்புத் தர வேண்டும் என்று தாத்தா பாட்டிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிரான்சு நாட்டுச் சட்டமோ, தாத்தா பாட்டியோடு உறவாடுவது குழந்தையின் உரிமை என்கிறது. "பாட்டியின் உரிமை" என்று அது சொல்லவில்லை. கவனியுங்கள்.

ஆகவே "எனக்கு உரிமை உண்டு" என்று மட்டும் வாதாடினால் போதாது. "குழந்தைக்கு இது நல்லது" என்று காட்ட வேண்டும். யார் சோறூட்டினார்கள், யார் அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனார்கள், குழந்தை யாரைத் தேடுகிறது என்பதே பேசும்.

என்ன செய்யலாம்?

முதலில் பேச வேண்டும். இரு வீட்டாரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம். நிலப் பேச்சையும் குழந்தைப் பேச்சையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. வாரம் ஒரு மணி நேரம் என்று சிறிதாகக் கேட்பது நல்லது.

பேச்சு பலிக்காவிட்டால், சித்தூர் தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகலாம். வழக்குப் போடும் முன்பே அங்கே சமரசம் பேசலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வழக்கு கடைசி வழி. குழந்தை வசிக்கும் ஊருக்கு உரிய நீதிமன்றத்தில்தான் மனுக் கொடுக்க வேண்டும். பெருமாட்டியில் வசித்தால் பாலக்காடு குடும்ப நீதிமன்றம். கோயம்புத்தூரில் வசித்தால் அங்கே. அங்கும் முதலில் சமாதானத்துக்குத்தான் முயல்வார்கள்.

பள்ளி வாசலிலிருந்து குழந்தையைச் சொல்லாமல் கூட்டி வரக் கூடாது. அது போலீசு வரை போகும். இருக்கிற உறவும் முறியும்.

மற்றொன்று. 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டப்படி, தம் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு, ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை. "குழந்தையைக் காட்டாவிட்டால் கேஸ் போடுவேன்" என்று இதை மிரட்டலாக்க வேண்டாம். சோறு வேறு, பாசம் வேறு. பாசத்தை மிரட்டி வாங்க முடியாது.