நா தளர்ந்தார்க்குத் துணை



எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவே பிறப்பியல் எனத் தனி இயல் வகுத்தார் தொல்காப்பியர். உந்தியிலிருந்து எழும் காற்று, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் பொருந்தும் வகைக்கேற்ப வெவ்வேறு ஒலியாகிறது. அவ்வுறுப்புகள் பழுதின்றி இருந்தும் சொல் பிறவாத நிலை ஒன்று உண்டு. 'டான்' என்னும் ஓரசையையே பெரும்பாலும் ஒலித்துவந்த நோயாளி ஒருவர் 1861இல் பாரிஸ் அருகே இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த புரோக்கா என்னும் மருத்துவர், அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார்.

பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தவர் பலர்க்குப் பேச்சும் உடன் போவது இதனால்தான். நாக்கு வலுவிழந்து சொல் குழறுவது வேறு. சொல்லே எழாமல் தடைப்படுவது வேறு. இரண்டிற்கும் பயிற்சியும் வேறு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்நோய்க்கு ஆளாகிறார் எனக் கொள்வோம். காண வருவோர் அவரிடம் நலம் கேட்பதில்லை; மனைவியாரிடம் கேட்கின்றனர். மருந்துச் செலவும் வீட்டுப் பங்கீடும் அவர் கட்டிலருகிலேயே பேசப்படுகின்றன. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணீர் வடித்தால் 'நோயின் குணம்' என்று துடைத்துவிடுகின்றனர். நோயினும் கொடிது இது.

'ஆம்', 'இல்லை' எனத் தலையசைத்து விடை தரத்தக்க சிறு வினாக்களைக் கேட்க வேண்டும். கேட்டபின் காத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுவது நன்று. அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு முடித்துவைக்கலாகாது. ஒரு சொல்லும் பேச இயலாத சிலர் பழகிய பாடலைப் பிழையின்றிப் பாடுவதுண்டு. அதனையே படியாகக் கொண்டு சொல்லுக்கு அழைத்துவரும் பயிற்சியும் உண்டு.

தமிழும் மார்வாரியும் இந்தியும் ஒரே கூரையின்கீழ் வழங்கும் இல்லங்கள் இவ்வட்டாரத்தில் பல. அவை யாவும் எல்லார்க்கும் ஒரே அளவில் திரும்புவதில்லை. நோய்க்குமுன் அவர் எம்மொழியில் கணக்குப் பார்த்தார், எம்மொழியில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார் என்பதைப் பயிற்சியாளரிடம் உறவினரே எடுத்துரைக்க வேண்டும்.

விழுங்கும் திறன் சோதிக்கப்படுமுன் அன்பு மிகுதியால் நீர் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலுள் புகுந்தால் நுரையீரல் அழற்சி வரும். தளர்ந்த கையைப் பற்றித் தூக்கினால் தோள்மூட்டு நழுவும்.

பயிற்சியால் என்ன ஆகும் என ஐயுறுவோர் வேலூரை நினைக்கலாம். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து கால்களின் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு மையம் எழக் காரணரானார்.

இன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவம் வீட்டிற்கே வருகிறது, 5.8.2021 அன்று தொடங்கிய திட்டம் அது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். முதற்சில திங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், பின்னர் மெதுவாகும். ஓராண்டு கடந்தபின்னும் புதிய சொற்கள் வரப்பெற்றோர் உண்டு. பயிற்சி போதும் என்பதை வீட்டார் சலிப்பு முடிவு செய்ய வேண்டா, பயிற்சியாளர் சொல்லட்டும்.