வெயிலில் வைத்தும் 32-ஐத் தாண்டாத வெப்பமானி

அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவி ஒருத்தி மின்னணு வெப்பமானி செய்தாள். எல்.எம்.35 உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும், அதை எல்.எம்.358 செயல்பாட்டுப் பெருக்கி 11 மடங்காக்கும். மின்வழங்கல் 5 வோல்ட். 40 டிகிரிக்கு 4.4 வோல்ட் வர வேண்டும். மீட்டரோ 3.5-லேயே நின்றது, அதாவது 32 டிகிரி. “சென்சார் கெட்டுப்போச்சு சார்” என்று கழற்றப் போனாள். அதன் முனையில் அளக்கச் சொன்னேன், சரியாக 0.4 வோல்ட்.

பெருக்கச் சூத்திரத்தில் மின்வழங்கல் இடம்பெறுவதே இல்லை, குழப்பம் அங்கேதான். எல்.எம்.358-இன் வெளியீடு கீழே ஏறத்தாழச் சுழி வரை இறங்கும். மேலே சுமார் 1.5 வோல்ட் குறைவாகவே நின்றுவிடும். உள்ளிருக்கும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இயங்க அந்த அழுத்தம் வேண்டும். பழைய 741 இரு பக்கமும் இடம் விடும். 5 வோல்ட் ஒற்றை வழங்கலுக்கு அதை வாங்கவே வேண்டாம்.

10 கிலோ ஓம் மின்தடையை 4.7 ஆக மாற்றினாள். பெருக்கம் 5.7 ஆனது, 40 டிகிரிக்கு 2.28 வோல்ட். “9 வோல்ட் பேட்டரி போட்டால் போதுமே” என்றான் இன்னொருவன். “ஆர்டுயினோ உள்ளீட்டுக்கு 5 வோல்ட்டுக்கு மேல் ஆகாதுடா” என்று அவளே தடுத்துவிட்டாள்.