மேன்முறையீடு முடியும்வரை வாய்மூடி இருப்பதா?

(சட்டத்துறையினரும் கமக்காரரும் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காணி வழக்கொன்று மன்றில் கிடக்கும்போது, "முதலில் இது முடியட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கமக்காரரும் அவ்வாறே சொல்கிறார். படித்த உத்தியோகத்தரும் அவ்வாறே சொல்கிறார். அது பொறுமை போலத் தோன்றும். பல வேளைகளில் இழப்பாகவே முடியும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் சட்டமொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கிறது. படைச் சேவையால் உடல்நலம் இழந்தோர்க்கு அந்நாட்டு அரசு வழங்கும் இயலாமைக் கொடுப்பனவைப் பற்றியது அச்சட்டம். ஒரு குறைக்கான மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில், மற்றொரு குறைக்குப் புதிய விண்ணப்பத்தை எப்போது இடுவது? இதுவே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

அவ்வுரிமை அவர்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. 1932 ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரிற் பணியாற்றியோர் தமக்கு வாக்களிக்கப்பட்ட பணத்தைக் கேட்டு வாஷிங்டனில் கூடாரமிட்டபோது, இராணுவத்தைக் கொண்டே விரட்டப்பட்டனர். வியட்நாம் போர் 1975 இல் முடிந்தது. அங்கே தெளிக்கப்பட்ட ஏஜன்ட் ஒரேஞ்ச் என்னும் களைகொல்லி நஞ்சினால் நோயுற்றோர்க்கான சட்டமோ 1991 இலேதான் வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கழிவெரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தோர்க்கான சட்டம் 2022 ஆகஸ்ட் 10 ஆம் நாள் கைச்சாத்தாகியது. கேட்டவர்கள் ஓயாது கேட்டமையாலேயே இவை வந்தன.

நாளே பணம்

அச்சட்டத்தின் அச்சாணி விண்ணப்ப நாளாகும். விண்ணப்பம் திணைக்களத்துக்குக் கிடைத்த நாள், தகுதி உண்டான நாள் ஆகிய இரண்டனுள் பிந்தியதிலிருந்தே கொடுப்பனவு கணக்கிடப்படும் என்பது பொதுவிதி. சேவையிலிருந்து நீங்கி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்க்கு மட்டும், நீங்கிய மறுநாளிலிருந்தே அது சேரும்.

ஓர் உதாரணம் கொள்வோம். படைவீரர் ஒருவருக்கு இடது முழங்காலில் ஊறு. திணைக்களம் குறைந்த வீதமே மதிப்பிட்டது. அவர் மேன்முறையீடு செய்தார். தீர்ப்புக்குக் காத்திருந்த காலத்தில், நொண்டி நடந்த காரணத்தால் முதுகும் கெட்டது. முன்னைய ஊறு பெற்றெடுத்த பின்னைய ஊற்றுக்கும் கொடுப்பனவு உண்டு என அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவரோ, "முழங்கால் வழக்கு முடியட்டும்" என்று மூன்று ஆண்டுகள் வாளாவிருந்தார். முழங்காலில் வென்ற பின்னர் முதுகுக்கு விண்ணப்பித்தார், அதிலும் வென்றார். எனினும் முப்பத்தாறு மாதப் பணம் போனது போனதுதான். அதனைப் பறித்தவர் எவருமிலர், அவரே கைவிட்டார்.

சான்றுகள் ஆயத்தமாகவில்லை என்பதும் தாமதத்துக்குக் காரணமாகாது. விண்ணப்பிக்கக் கருதியுள்ளேன் என்று ஓர் அறிவித்தல் கொடுத்தால் அந்த நாள் காக்கப்படும். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைச் சேர்ப்பித்தாற் போதும். அவ்வோராண்டில் வைத்தியரின் அறிக்கையைத் தேடலாம். உடன் பணியாற்றியோரின் வாக்குமூலங்களைத் திரட்டலாம்.

எது புதியது, எது பழையது?

ஆயின், எதையும் எப்போதும் புதிதாக இடலாம் என்று எவரும் கருதிவிடலாகாது. 2019 பெப்ரவரி 19 முதல் நடைமுறையிலுள்ள முறையின்படி, தீர்ப்பில் மனநிறைவு கொள்ளாதவர்க்கு மூன்று வழிகள் உண்டு: புதிய சான்றோடு மறுவிண்ணப்பம், மேலுத்தியோகத்தரின் மீளாய்வு, மேன்முறையீட்டுச் சபை. ஒரே குறையை ஒரே வேளையில் இவற்றுள் இரண்டு வழிகளிற் கொண்டுசெல்ல இயலாது. முழங்கால் சபையின் முன் இருக்குமாயின், முழங்காலுக்கான புதிய சான்றும் அச்சபைக்குரிய தவணையிலேயே செல்லவேண்டும். முதுகு வேறு, அது தனி விண்ணப்பமாகத் தாராளமாகச் செல்லலாம். ஆதலின் முதற்கேள்வி இதுவே: நாம் கேட்கப்போவது முன்னரே கேட்டதன் பகுதியா, அல்லது வேறொன்றா? பகுதியாயின் அதனை இருக்கும் வழக்கோடு சேர்க்க. வேறாயின் உடனே எழுதுக.

இரண்டாவது கேள்வி பயனைப் பற்றியது. அங்கே வீதங்கள் வெறுமனே கூட்டப்படுவதில்லை. 50 வீதமும் 30 வீதமும் சேர்ந்தால் 80 ஆகாது. முதல் ஊறு பாதியைக் கொள்ள, எஞ்சிய 50 இல் 30 வீதமாகிய 15 அதனோடு சேர்ந்து 65 ஆகும். அது 70 எனக் கொள்ளப்படும். முன்னரே 90 வீதம் உடையவர்க்கு இன்னுமொரு 10 வீதம் கிடைத்தால் 91 ஆகி, மீண்டும் 90 ஆகவே நிற்கும். விளைவு வேண்டுவோர் விதைக்குமுன் நிலத்தை அளப்பது போல, இக்கணக்கை முன்கூட்டியே பார்க்கவேண்டும்.

மூன்றாவது கேள்வி இடரைப் பற்றியது. வீதத்தை உயர்த்தக் கேட்டால் திணைக்களம் வைத்தியப் பரிசோதனைக்கு அழைக்கலாம்; அப்பரிசோதனை வீதத்தைக் குறைக்கவும் இடந்தரலாம். இருபது ஆண்டு நிலைத்த வீதத்தை, மோசடி இருந்தாலன்றிக் குறைக்கலாகாது என்பது சட்டம். அத்தகைய காவல் இல்லாதவர், தம் கோவையை அறிந்த சட்டத்தரணியிடமோ, அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ ஆலோசித்தே அடியெடுத்து வைக்கவேண்டும். முதல் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணம் பெறுவதை அச்சட்டம் தடுக்கிறது. பணம் கேட்டு வருவோரை நம்பலாகாது.

வழக்கு நிலுவையில் இருக்கையில் படைவீரர் இறந்தால், அவர் மனைவி ஓராண்டுக்குள் விண்ணப்பித்து அவர் இடத்தில் நின்று அதனைத் தொடரலாம். எழுதப்பட்ட கோரிக்கையே இவ்வாறு உயிர்வாழும். எழுதப்படாத கோரிக்கையோ அவரோடு மண்ணுக்குட் போகும். வயதும் நோயும் ஏறிய ஒருவர் "பிறகு பார்ப்போம்" என்று சொல்வது தம்மை மட்டும் பொறுத்த சொல்லன்று. தம் வீட்டாரின் உணவையும் பொறுத்த சொல்லாகும்.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் இழப்பீடுகளுக்கான அலுவலகம் 2018 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. போரில் உடலுறுப்பை இழந்தோரும், வீட்டை இழந்தோரும், உறவை இழந்தோரும் நம்மிடையே பலர். அமெரிக்கரின் சட்டம் குறைபாடற்றதன்று. ஆண்டுக்கணக்காகக் காத்திருப்போர் அங்கும் உளர். எனினும் விண்ணப்பத்துக்கு ஒரு நாள், மறுப்புக்கு ஒரு காரணம், மறுத்தபின் செல்ல ஒரு வழி ஆகிய மூன்றையும் அது ஒப்புக்கொள்கிறது. இம்மூன்றையும் நம் மக்களுக்காகக் கேட்பது படித்தவர்களின் கடமை. கேட்டதன் பிரதியையும், கொடுத்த நாளின் பற்றுச்சீட்டையும் பெட்டியிற் பூட்டி வைப்பது ஒவ்வொரு வீட்டாரின் கடமை.

கேட்பது இரத்தல் அன்று. ஒரு வாசலில் விடை வரவில்லை என்பதற்காக மற்றொரு நியாயத்தை மறைத்து வைக்காதிருப்போம். இன்று எழுத வேண்டியதை இன்றே எழுதுவோம்.