பழைய அவுட்போர்டு இயந்திரம் வாங்குமுன்: அரிப்பை அறியும் முறை

பெங்களூருவின் மர்பி டவுனை அடுத்துள்ள அல்சூர் ஏரியைப் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் படகு ஓட்டுவதற்காகப் பழைய அவுட்போர்டு இயந்திரம் ஒன்றை வாங்க முனைவோர், அது முன்னர் எந்த நீரில் ஓடியது என்பதையே முதலில் கேட்டறிதல் வேண்டும். 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகளும் அவற்றுக்கான இயந்திரங்களும் பெருகியமையால், கடலில் உழைத்துக் கைமாறிய இயந்திரம் உள்நாட்டுக்கு வந்து சேர்வதும் இயல்பே. அத்தகைய இயந்திரத்தின் விலையைத் தீர்மானிக்க வேண்டியது அதன் வயதோ வெளிப்பூச்சோ அன்று. உப்பு அதனுள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதே.

அவுட்போர்டு என்பது படகினுள் நிலையாக அமைக்கப்படாமல், பின்பலகையில் கவ்விகளால் மாட்டிக் கழற்றக்கூடிய இயந்திரமாகும். அதன் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையாலும், அச்சுத்தண்டும் திருகுகளும் துருப்பிடிக்காத எஃகாலும் ஆனவை. ஒன்றையொன்று தொடும் இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் நனையும்போது ஒரு மின்கலமாகிவிட, அவற்றுள் எளிதில் வினைபுரியும் அலுமினியம் கரையத் தொடங்குகிறது. இதனையே மின்வேதி அரிப்பு என்பர். இரும்பின் துரு செந்நிறமாகக் கண்ணில் படும். அலுமினியத்தின் அரிப்போ வெண்பொடியாகப் பெயின்டுக்கு அடியில் திரண்டு, அதனைக் கொப்புளமாக உயர்த்துகிறது.

இவ்வரிப்பைத் தடுக்க, அலுமினியத்தைவிட எளிதில் கரையும் உலோகத் துண்டொன்றை இயந்திரத்தின் காலில், அதாவது நீரில் அமிழும் கீழ்ப்பகுதியில், பொருத்துவர். தன்னை அழித்துக்கொண்டு பிறவற்றைக் காப்பதால் அது தியாக அனோடு எனப்படும். ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க முன்வைத்த இம்முறை, இன்றும் அடிப்படை மாறாமல் பயன்பட்டு வருகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் கடல் அரிப்பைத் தன் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது இந்த அனோடையே. ஓரளவு கரைந்து சொரசொரப்பாக இருக்கும் அனோடு தன் வேலையைச் செய்து வந்ததற்குச் சான்று. பல ஆண்டுகள் கடலில் ஓடியதாக விற்பவரே சொல்லும் இயந்திரத்தில் அனோடு மட்டும் விளிம்பு மழுங்காமல் இருந்தால், அது அண்மையில் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது மேலே பெயின்ட் பூசப்பட்டோ உலோகத் தொடர்பு அறுந்தோ பயனற்று இருந்திருக்க வேண்டும். அந்நிலையில் அதன் அண்டையில் உள்ள அலுமினியத்தில் குழிகள் தென்படுகின்றனவா என்று விரல் நகத்தால் தடவிப் பார்ப்பது நல்லது. காலின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னுவதும், மூடியைக் கழற்றினால் மின்கம்பி முனைகளில் பச்சை படர்ந்திருப்பதும், சிலிண்டர் தலைப்பின் திருகுகளைச் சுற்றி வெண்பொடி படிந்திருப்பதும் ஐயத்துக்குரியவை.

எனினும் மிகுந்த கேடு விளைவது கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே. ரேடியேட்டர் இல்லாத இவ்வியந்திரம், ஓடும் நீரையே ரப்பர் இம்பெல்லர் கொண்ட பம்பினால் உறிஞ்சிச் சிலிண்டர்களைச் சுற்றிச் செலுத்திக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலிலிருந்து திரும்பியபின் நன்னீர் விட்டு அலசாத இயந்திரத்தில் அவ்வழிகளில் உப்பு உறைந்து அடைப்பும் அரிப்பும் ஒருசேர நிகழும். எனவே காலைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி இயக்கி, பக்கத்துச் சிறு துளை வழியே நீர் தடையின்றிப் பீச்சியடிக்கிறதா என்று காண வேண்டும். தண்ணீரின்றி இயக்கினால் இம்பெல்லர் விரைவில் சேதமாகும். அடுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும்; சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்தம் பெரிதும் மாறுபட்டால், உட்சேதம் உண்டென்று கொள்ளலாம். இறுதியாகக் கியர்பெட்டியின் கீழ்த்திருகைத் தளர்த்தி வடியும் கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், ஆயில் சீல் கெட்டு நீர் உட்புகுந்துள்ளது என்பது உறுதி.

கடலிலிருந்து நன்னீருக்கு மாறும் இயந்திரத்துக்கு இன்னொரு திருத்தமும் தேவை. உப்பு குறைந்த நீரில் துத்தநாக அனோடின் மேல் படலம் படிந்து அது செயலிழப்பதால், அலுமினிய அல்லது மெக்னீசிய அனோடு பொருத்துவதே முறை. நன்னீர் என்ற பெயரை நம்பிக் கவலையற்றிருப்பதும் தகாது. 2016 மார்ச்சில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்த அல்சூர் ஏரியின் நிகழ்வு, நகரத்து ஏரிகளில் கழிவுநீர் கலப்பதன் கடுமையைக் காட்டியது. அவ்வாறான நீரில் ஓடிய இயந்திரத்தையும் நல்ல நீரால் அலசுவது கட்டாயம்.

மேற்கண்ட சோதனைகளுள் அனோடு, கம்ப்ரஷன், கியர் ஆயில் ஆகிய மூன்றையும் செய்து பார்க்க விடாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருப்பினும், வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை.