உங்கள் மிரர் எந்தத் தேதி வரைக்கும்?

துறைகளின் இணையதளப் பிரிவு அலுவலர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் புரோகிராமர் கிடையாது. இதழியல் படிச்சுட்டு, செய்தித் துறையில் கட்டுரை எழுதற வேலை பார்க்கிறேன். 'இந்தப் பொண்ணு வந்து நமக்கு கிட் சொல்லித் தரப் போகுதா'ன்னு பின் வரிசையில் யாராவது நினைச்சா, அது நியாயம்தான். கட்டளைகளை எல்லாம் உங்களுக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும். நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

ஒரு சான்றிதழ் சேவையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. பாதுகாப்புக் காரணத்தால் அங்கே சர்வர் அறைக்கு நேரடி இணைய இணைப்பு கிடையாது. அதனால் அவங்க பயன்படுத்துகிற திறந்த மூல மென்பொருள்களின் களஞ்சியங்களை உள்ளேயே ஒரு கணினியில் மிரர், அதாவது கண்ணாடிப் பிரதியாக, எடுத்து வைத்திருந்தாங்க. வெளியே இருக்கும் மூலக் களஞ்சியத்தில் என்ன மாறினாலும் தினமும் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் போய் அதை எடுத்து வந்து மிரரில் சேர்க்கணும். பொறியாளர்கள் எல்லாரும் இந்த மிரரிலிருந்துதான் எடுத்துக்குவாங்க. நல்ல ஏற்பாடு.

நான் பேட்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பற்றிப் பேசிட்டிருந்தாங்க. அவங்க பயன்படுத்தும் ஒரு லைப்ரரியில் ஓட்டை இருக்குன்னு அந்த வாரம்தான் அறிவிப்பு வந்திருந்தது. ஒருவர் 'கிட் புல்' கொடுத்தார். திரையில் 'ஆல்ரெடி அப் டு டேட்' என்று வந்தது. "நம்மகிட்ட ஏற்கெனவே புதுசுதான் இருக்கு, விடுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் பொறியாளர் விடவில்லை. "எதோட ஒப்பிட்டுப் புதுசு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே வெளியே வந்தது. 'ஆல்ரெடி அப் டு டேட்' என்றால், உங்கள் கணினியில் இருப்பதும் நீங்கள் கேட்ட இடத்தில் இருப்பதும் ஒன்று என்றுதான் பொருள். கேட்ட இடம் மிரர். மிரருக்கும் வெளியே இருக்கும் மூலத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்த வரி சொல்லாது. திறந்து பார்த்தால், மிரரில் கடைசியாக வந்து சேர்ந்த மாற்றம் ஏழு மாதத்துக்கு முந்தையது.

காரணம் என்னவென்று அன்றைக்கே தேடிக் கண்டுபிடிச்சாங்க. கிட்ஹப் 2020 அக்டோபரில் புதிய களஞ்சியங்களுக்கான முதன்மைக் கிளையின் பெயரை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' என்று மாற்றியது. அதையொட்டிப் பழைய திட்டங்களும் ஒவ்வொன்றாகத் தங்கள் கிளைக்குப் பெயர் மாற்றிக்கொண்டன. இவங்க ஸ்கிரிப்டை எழுதியவர் 'மாஸ்டர்' கிளையை மட்டும் கொண்டு வா என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார். மூலத்தில் அந்தப் பெயரே இல்லாமல் போன நாளிலிருந்து ஸ்கிரிப்ட் தினமும் ராத்திரி போய், வெறுங்கையோடு திரும்பி, பிழைச் செய்தி அனுப்பியிருக்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரிக்கு உரியவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போய் ரொம்ப நாளாச்சு.

அன்று மதியம் அந்தச் சேவையை நிறுத்தி வைத்துத் திருத்தம் போட்டார்கள். சரியான முடிவுதான். பொதுமக்கள் ஏற்றும் ஆதார் நகலும் குடும்ப அட்டை நகலும் அதே சர்வரில்தான் இருக்கு. ஆனால் அது கல்லூரிச் சேர்க்கை நேரம். வெளியே கவுண்ட்டரில் வருமானச் சான்றுக்காக மகனைக் கூட்டிட்டு வந்த ஓர் அம்மா, 'பராமரிப்புப் பணி' என்று எழுதிய தாளைப் படிச்சுட்டு, "நாளைக்கும் லீவு போடணுமா?" என்று என்னைக் கேட்டாங்க. என்னை அங்கே வேலை பார்க்கிறவள்னு நினைச்சுட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

அதுக்கப்புறம் இந்த மிரர் விஷயத்தைக் கொஞ்சம் தேடித் தேடிப் படிச்சேன்.

மிரர் எதுக்கு என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கு. 2014 டிசம்பரில் 32 இணையதளங்களை முடக்க உத்தரவு போட்டார்கள். அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. சில இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குச் சில நாள்கள் அது திறக்கவில்லை. கூகுள் கோட் என்று ஒரு பெரிய தளம் இருந்தது, 2016 தொடக்கத்தில் அதை மூடியே விட்டார்கள். இணையத்தில் இருக்கு, எப்பவும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காகக் கிட் எழுதியபோது, ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாறும் இருக்கும்படி செய்தார். அதனால் மிரர் எடுப்பது நமக்கு ஒரு வரிக் கட்டளை. எடுக்கிறது சுலபம் என்பதால்தானோ என்னவோ, எடுத்தவுடனே மறந்தும் போயிடறோம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்? 2021 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளியே வந்த மாதம். 2.15 வந்தது. அந்தத் திருத்தம் போதாது என்று 2.16, அப்புறம் 2.17, மாதம் முடிவதற்குள் 2.17.1. அந்த மாதம் ஒரு வாரம் பின்தங்கிய மிரரை வைத்து 'திருத்தம் போட்டாச்சு' என்று அறிக்கை அனுப்பியவர், போதாத திருத்தத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். சாதாரண நாள்களில் தினமும் ஒரு தடவை போதும். அவசர அறிவிப்பு வந்தால் கையாலேயே உடனே ஓட்டணும்.

முறையாகச் செய்ய, கிட் குளோனை 'மிரர்' என்ற தேர்வோடு கொடுங்கள். பெயர் சொல்லி ஒரு கிளையை மட்டும் எடுக்காமல், எல்லாக் கிளைகளும் எல்லா டேக்குகளும் வரும். பிறகு தினமும் 'கிட் ரிமோட் அப்டேட்', கூடவே 'புரூன்'. இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கு. மூலத்தில் முதன்மைக் கிளையின் பெயர் மாறினால் புதுக் கிளை வந்துவிடும், பழையது நீங்கிவிடும். ஆனால் கிட்டின் பழைய பதிப்புகளில் மிரரின் 'ஹெட்' பழைய பெயரையே காட்டிக்கொண்டு நிற்கும், தானாக மாறாது. புதிதாகக் குளோன் எடுக்கிறவருக்கு ஒரு கோப்பும் இல்லாத காலிக் கோப்புறை கிடைக்கும். அவர் மிரரே அழிஞ்சு போச்சுன்னு பதறுவார். அழியல, 'ஹெட்'டை ஒரு தடவை சரியான பெயருக்குத் திருப்பினால் போதும். இன்னும் ஒன்று: சப்மாட்யூல்கள் தனிக் களஞ்சியங்கள், எல்.எஃப்.எஸ். வழியே வைக்கும் பெரிய கோப்புகளும் தனி. மிரர் எடுத்தால் இவை கூடவே வராது. அதற்கெல்லாம் தனியாக ஏற்பாடு செய்யணும்.

இதுவரை சொன்னது பின்தங்கிய மிரர். இனி சொல்லப்போவது, துளியும் பின்தங்காத மிரரின் கதை. எனக்கு இதைப் படிச்சப்போதான் உண்மையிலேயே பயம் வந்தது.

கே.டி.ஈ. என்பது லினக்ஸ் மேசைச் சூழல்களில் மிகப் பெரிய திட்டங்களில் ஒன்று. 2013 மார்ச்சில் அவர்களிடம் சுமார் 1,500 கிட் களஞ்சியங்கள் இருந்தன. ஒரு முதன்மைச் சர்வர், உலகின் வெவ்வேறு இடங்களில் அதற்கு மிரர்கள். மிரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முதன்மையைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். பேக்கப் என்று தனியாக ஒன்றுக்கும் பெரிதாக மெனக்கெடவில்லை, அதான் இத்தனை மிரர் இருக்கே! மார்ச் 22 அன்று பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினார்கள். கோப்பு முறைமை கெட்டுப்போயிருந்தது. களஞ்சியங்கள் பழுதாகியிருந்தன. எந்தெந்தக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று மிரர்களுக்குச் சொல்லும் பட்டியலும் பழுதாகிவிட்டது.

மிரர்கள் வழக்கம்போல வந்து பட்டியலைப் படித்தன. பட்டியலில் பெயர் இல்லையா? அப்படின்னா மூலத்தில் நீக்கிட்டாங்க. நாமும் நீக்கணும். நீக்கின. ஒரு மிரர்கூடத் தவறு செய்யவில்லை. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்தன. பல ஆண்டு உழைப்பு மொத்தமும் போயிருக்க வேண்டியது. தற்செயலாக ஒரே ஒரு சர்வரில் மட்டும் நல்ல பிரதி மிஞ்சியிருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள். பிறகு நடந்ததை ஒளிக்காமல் வெளியே எழுதியதும் அவர்கள்தான். அந்த நேர்மையால்தான் இன்றைக்கு நான் இங்கே நின்று இதைச் சொல்ல முடியுது.

அதனால் மிரரைப் பேக்கப் என்ற கணக்கில் எழுதாதீங்க. பத்திரப் பதிவில் பொதுமக்கள் வாங்கும் வில்லங்கச் சான்று உங்க எல்லாருக்கும் தெரியும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் என்று அதில் போட்டிருக்கும். தேதி பார்க்காமல் வங்கியில் யாரும் அதை வாங்கமாட்டாங்க. போன வருஷ ஈ.சி.யைக் காட்டி 'சொத்தில் வில்லங்கம் இல்லை'ன்னு சொன்னா, "புதுசு போட்டு எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. நம் மிரருக்கும் அந்த ஒரு வரி வேணும், 'இந்தத் தேதி, இந்த நேரம் வரைக்கும்' என்று. ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தைப் போட்டால் பத்தாது. ஓடித் தோற்ற ஸ்கிரிப்டும் ஓடிய ஸ்கிரிப்டுதான். வெற்றிகரமாக முடிந்த நேரத்தைப் போடணும். அதோடு, இணையம் உள்ள ஒரு கணினியிலிருந்து 'கிட் எல்எஸ் ரிமோட்' கொடுத்தால், மூலத்தில் கிளைகளின் நுனி எங்கே நிற்கிறது என்று எண் வரும். மிரரிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட ஒரு நிமிடம் ஆகாது. எண் ஒன்றாக இல்லையென்றால் யாராவது ஒருவரின் கைப்பேசிக்குச் செய்தி போகட்டும். அந்த 'யாராவது' ஒரு பதவியாக இருக்கட்டும், தனி ஆளாக வேண்டாம். ஆள் மாறுதலில் போயிடுவார், பதவி அங்கேயேதான் இருக்கும்.

கே.டி.ஈ. கதைக்கு மருந்து வேறு. வாரம் ஒரு தடவை 'கிட் எஃப்.எஸ்.சி.கே.' ஓட்டிப் பாருங்க, உள்ளே பழுது இருந்தால் காட்டிக்கொடுக்கும். வாங்குகிற எல்லாவற்றையும் அப்படி முழுசாகச் சோதிக்கும் அமைப்பு கிட்டில் இயல்பாக அணைத்தே இருக்கு என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். 'கிட் பண்டில்' கட்டளையால் மொத்தக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி, தேதி போட்டு, மிரர் ஸ்கிரிப்ட் தொட முடியாத வேறு வட்டில் வையுங்கள். மூலத்தில் யாரோ தெரியாமலோ தெரிந்தோ எல்லாவற்றையும் அழித்தாலும், உங்கள் மிரர் உண்மையாக அதைப் பின்பற்றி அழித்தாலும், போன வாரக் கட்டு அங்கே இருக்கும். எத்தனை வாரக் கட்டு வைக்கலாம் என்பதில் எனக்கும் ஒரு பொறியாளர் அண்ணனுக்கும் வாக்குவாதமே நடந்தது. அவர் நாலு போதும் என்றார். ஏழு மாதம் யாருமே கவனிக்காத மிரரைக் கண்ணால் பார்த்தவள் நான். மாதத்துக்கு ஒன்று என்று ஒரு வருஷக் கட்டும் கூட இருக்கட்டும் என்பேன். வட்டு விலையைச் சொல்லி அவர் சிரிச்சார். நான் அந்தக் கவுண்ட்டர் அம்மாவைச் சொன்னேன்.

போன மாதம் அதே அலுவலகத்துக்கு மறுபடி போனேன், வேறு கட்டுரைக்காக. அந்தப் பெண் பொறியாளரின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு சின்னத் திரை மாட்டியிருந்தாங்க. அதில் களஞ்சியங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தேதியும் நேரமும். எல்லாம் அன்று காலைத் தேதி. ஒன்று மட்டும் சிவப்பில் இருந்தது. என்னன்னு கேட்டேன். "மூலத்துலேயே களஞ்சியத்தை வேற முகவரிக்கு மாத்திட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்" என்றார்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். உங்க மடிக்கணினி இங்கேயே இருக்கு. டீ வர்றதுக்குள்ள உங்க அலுவலக மிரரில் கடைசி மாற்றத்தின் தேதியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்க. அலுவலகத்தின் பெயர் எழுத வேண்டாம், தேதி மட்டும் போதும்.